வாடகைக்குப் போன பட்டியல்

ஜவுபரின் மகள் ஸம்றா பிறந்து பத்து மாதம் ஆகியிருந்தபோது, அவளுடைய உடம்பு தனக்கு வேண்டிய இரத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நோயின் பெயர் தலசீமியா. நான்கு வாரத்துக்கு ஒரு தடவை அடுத்தவரின் இரத்தத்தை ஏற்ற வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று தாய் ஹுஸ்னியா கேட்டாள். டொக்டர் மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டே, "இருக்கிற காலம் முழுக்க" என்றார்.

அப்போது ஜவுபருக்கு முப்பது வயது. மருதமுனைக்காரர். கலியாணம் முடித்து, பெண்வீட்டோடு வந்து சாய்ந்தமருதில் இருந்தார். கடலுக்கு முந்நூறு யார் தூரம் தள்ளி, சுனாமிக்குப் பிறகு திரும்பக் கட்டிய ஹுஸ்னியாவின் சீதன வீடு. கல்முனைப் பிரதான வீதியில் ஒரு புடவைக் கடையின் மாடியில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருந்தார். உயர்தரப் பரீட்சையில் கணிதத்தில் தவறியவர். வங்கிகளும் கந்தோர்களும் கழித்துப் போட்ட பெட்டிகளைக் கழற்றிப் பூட்டித்தான் தொழிலைப் பிடித்துக்கொண்டார். அவர் கைபட்டால் செத்த கொம்பியூட்டரும் எழும்பும் என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். அவர் அதை நம்பவும் செய்தார்.

ஸம்றாவுக்கு ஐந்து வயதானபோது ஒருநாள், இரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு நடுக்கம் எடுத்தது. காய்ச்சல் ஏறியது. சிறுநீர் தேயிலைச் சாயம்போல் போனது. ஆஸ்பத்திரி இரத்த வங்கியில் வேலை செய்த யசோதினி இரண்டு நாள் பரிசோதித்துப் பார்த்துவிட்டு ஜவுபரைக் கூப்பிட்டாள். பாண்டிருப்பைச் சேர்ந்தவள், அளந்து கதைப்பவள்; அவரை அண்ணன் முறையில் காக்கா என்பாள்.

"காக்கா, ரத்தக் குறூப் சரிதான். ஆனா குறூப்புக்குள்ள இன்னும் சின்னச் சின்ன அடையாளங்கள் இருக்கு. இவட உடம்பு அதுல மூண்ட இப்ப எதிரியா எடுத்திட்டு. அந்த மூண்டும் இல்லாத ஆக்கள்ட ரத்தம்தான் இனி ஏத்தலாம்."

"அப்பிடி ஆக்கள் எங்க இரிக்காங்க, மிஸ்?"

"நூறு இருநூறு பேரப் பாத்தா ஒராள் வரலாம். கொழும்பில இருந்தும் எடுக்கலாம். ஆனா ஒவ்வொரு தரமும் நேரத்துக்கு வருமெண்டு நான் சொல்லமாட்டன்."

அன்றைக்கே ஜவுபர் பட்டியலைத் தொடங்கினார். முதலில் ஒரு கொப்பி. மூன்று மாதத்தில் கொப்பி போதாமல் போயிற்று. ஆளின் பெயர், ஊர், தொலைபேசி இலக்கம், குறூப், கடைசியாக இரத்தம் கொடுத்த தேதி. ஒருவர் ஒரு தடவை கொடுத்தால் அடுத்த நான்கு மாதத்துக்குக் கொடுக்க முடியாது. அந்த நாள் வரும்போது அவருக்குத் தானாகவே ஒரு எஸ்.எம்.எஸ். போக வேண்டும். ஆளின் சம்மதத்தோடு, அவருடைய இரத்தம் ஸம்றாவுக்குப் பொருந்தியதா இல்லையா என்பதையும் குறித்துவைக்க வேண்டும். இதற்கெல்லாம் இரவு பகல் நிற்காமல் ஓடுகிற ஒரு இயந்திரம் தேவைப்பட்டது. கொழும்பில் ஒரு கம்பனி கழித்துவிட்ட சேர்வர் ஒன்றை லொறியில் போட்டுக் கொண்டுவந்து, படுக்கையறை மூலையில் சீமெந்துக் கல் அடுக்கி அதன்மேல் வைத்தார்.

அது சத்தம் போடும். வெக்கை கக்கும். ஹுஸ்னியா முதல் மாதம் முழுக்க முணுமுணுத்தாள். பிறகு அந்தச் சத்தம் நின்றால்தான் விழிப்பாள். ஜவுபர் அதற்கு இரண்டு பற்றரி வைத்தார். கடற்காற்றில் வரும் உப்புக்கு இரும்பென்றால் உயிர். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் போய்வந்த பிறகு, பெட்டியைத் திறந்து மின்சுற்றுப் பலகைகளை எடுத்து, ஸ்பிரிட்டில் தோய்த்த பல் பிரஷால் சிப்புகளின் கால்களை ஒவ்வொன்றாகத் தேய்ப்பார். ஸம்றா பக்கத்தில் குந்திக்கொண்டிருப்பாள்.

"வாப்பாட மூத்த புள்ளைக்குக் குளிக்க வாத்தாச்சா?" என்று கேட்பாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. நையாண்டி மட்டும் உடம்புக்கு மிஞ்சி வளர்ந்திருந்தது.

ஏழு வருடத்தில் பட்டியலில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் சேர்ந்தார்கள். பள்ளிவாசல்களில், பாடசாலைகளில், மைதானங்களில் இரத்ததான முகாம் நடக்கும் இடமெல்லாம் ஜவுபர் ஒரு மேசையோடு நிற்பார். காரைதீவிலும் பாண்டிருப்பிலும் கோயில் திருவிழாவில்கூட நின்றிருக்கிறார். அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் ஸம்றாவுக்குப் பொருந்தியவர்கள் பதினொரு பேர். சொறிக்கல்முனையில் ஒரு வயற்காரர். சாகாமத்தில் ஒரு ஆசிரியர். ஒலுவில் துறைமுகத்தில் படகு வைத்திருந்த றாஸிக். மற்றவர்கள் இங்கே அங்கே. ஒருவர் வருடத்துக்கு மூன்று தடவை கொடுக்கலாம். பதினொரு பேர் என்றால் முப்பத்து மூன்று பைகள். ஸம்றாவுக்குத் தடவைக்கு இரண்டாக வருடத்துக்கு இருபத்தாறு பை வேண்டும். காய்ச்சல்காரர், ஊரில் இல்லாதவர் போக, மட்டுமட்டாகச் சரிவரும். ஜவுபர் இந்தக் கணக்கை மனதுக்குள் எத்தனை தடவை போட்டிருப்பார் என்று அவருக்கே தெரியாது.

பட்டியலால் வேறு பிள்ளைகளுக்கும் பிரசவத்துப் பெண்களுக்கும் உதவி கிடைத்தது. ஊரில் நாலு பேர் மேடை போட்டு அவருக்குப் பொன்னாடை போர்த்த வந்தார்கள். "சேர்வருக்குப் போர்த்துங்க, நல்லா உப்புக் காத்து அடிக்குது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இரண்டாயிரத்துப் பதினெட்டு மார்கழியில் சேர்வர் படுத்துவிட்டது. நான்கு நாள் மழை. சுவர் வியர்த்தது. ஒரு மத்தியானம் சத்தம் நின்றது. ஹுஸ்னியா குசினியிலிருந்து ஓடி வந்து பார்த்தாள். ஜவுபர் கடையைப் பூட்டிவிட்டு வந்து பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவர், மூன்று நாள் எழும்பவில்லை. அந்த மூன்றாம் நாள்தான் ஸம்றாவுக்கு இரத்தம் ஏற்றும் நாள். பொருந்திய பதினொரு பேரின் இலக்கங்களில் அவருக்கு மனப்பாடமாக இருந்தது றாஸிக்கின் இலக்கம் ஒன்றுதான். றாஸிக் படகை இழுத்துக் கட்டிவிட்டு, உடுத்த சாரனோடு, மீன் வாடையோடு வந்து கட்டிலில் படுத்துக் கையை நீட்டினார். இரண்டு பை தேவைப்பட்ட இடத்தில் ஒரு பை.

அந்த நேரம் ஹுஸ்னியாவின் தம்பி அஸ்கி லீவில் வந்திருந்தான். கட்டார் நாட்டில் ஒரு கம்பனியில் மென்பொருள் வேலை. மச்சானும் மைத்துனனும் அதற்கு முன்னால் ஒருநாளும் சத்தம் போட்டுக் கதைத்ததில்லை.

"மச்சான், இத இனி ஊட்டுக்குள்ள வெச்சிரிக்கிறது பாவம்," என்றான் அஸ்கி. "கிளவுட்டுக்கு மாத்துவம். பெரிய கம்பனி. மூணு நாட்டில கட்டடம் கட்டி, லட்சக்கணக்கில மெசின் வெச்சிரிக்கான். அதுல நமக்கு ஒரு மூலைய வாடகைக்குத் தருவான். ஒண்டு பழுதாப் போனா மத்தது ஓடும். கரண்ட், உப்பு, மழை, ஒண்டும் நம்மட தலையிடி இல்ல."

"இது எங்கட ஊட்டு மூலையில இரிக்கி. பழுதானா நான் திருத்துவன். அவன்ட மூலையில பழுதானா நான் ஆரப் போய்க் கேக்கிற?"

"பழுதாகாதெண்டுதானே சொல்றன்."

"ஆகினா?"

அஸ்கி வெளியே கையைக் காட்டினான். "உங்கட ஊட்டுக்கும் கடலுக்கும் எத்தின யார் தூரம், மச்சான்? போன தரம் வந்த தண்ணி திரும்ப வந்தா என்னத்தத் திருத்துவீங்க?"

ஜவுபர் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஹுஸ்னியா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் யார் பக்கமும் கதைக்கவில்லை. "புள்ளைக்கு எது நல்லமோ அதச் செய்ங்க" என்று மட்டும் சொன்னாள்.

சேர்வரை எப்படியோ ஒரு தடவை எழுப்பினார். அஸ்கி தன் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தான். ஏழு வருடத்துப் பட்டியல் கடல் கடந்து போவதற்கு இருபது நிமிடம்கூட எடுக்கவில்லை. ஹுஸ்னியா ஊற்றிவைத்த பிளேன்டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஜவுபருக்கு அது ஏனோ பிடிக்கவில்லை. இவ்வளவு லேசானதா என்று தோன்றியது.

வாடகை டொலரில் கட்ட வேண்டும். ஜவுபரின் வங்கி அட்டை அந்தக் கம்பனியில் செல்லுபடியாகவில்லை. அஸ்கி தன்னுடைய அட்டையைப் போட்டான். ஒப்பந்தம் அவன் பெயரில், தகவல் வரும் மின்னஞ்சல் அவனுடைய கந்தோர் முகவரி. அது பெரிய விடயமாக யாருக்கும் படவில்லை. பழைய சேர்வரை நிறுத்தி, மேலே ஒரு மேசைச் சீலையைப் போட்டு மூடினார்கள். அன்றைக்குப் படுக்கையறை அமைதியாக இருந்தது.

உண்மையைச் சொன்னால், அஸ்கி சொன்னது அத்தனையும் நடந்தது. மூன்று வருடம் பட்டியல் ஒரு தடவையேனும் நிற்கவில்லை. ஜவுபர் கடையிலிருந்தே, பஸ்ஸிலிருந்தே, ஆஸ்பத்திரி வாங்குப் பலகையிலிருந்தே கைத்தொலைபேசியில் அதைத் திறந்து பார்த்தார். கொரோனாக் காலத்தில் ஊரே அடைத்துக் கிடந்தபோதும் எஸ்.எம்.எஸ். போனது, ஆட்கள் வந்தார்கள். ஸம்றா சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தாள். மாதத்துக்கு ஒருமுறை, பழைய பழக்கத்தில், ஜவுபர் பட்டியலின் ஒரு பிரதியை இறக்கி ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவைப்பார்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில், அரசாங்கத்தின் கையில் டொலர் இல்லாமல் நாடு இருண்டது. மாசியிலும் பங்குனியிலும் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம், பன்னிரண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லை. டீசல் இல்லாமல் படகுகள் ஒலுவிலில் கட்டிக் கிடந்தன. கேஸ் சிலிண்டருக்கும் பெட்ரோலுக்கும் பால்மாவுக்கும் சனம் வெயிலில் காய்ந்தது. அந்த நாட்களில் ஒருநாள் ஜவுபர் ஹுஸ்னியாவிடம் சொன்னார்:

"உங்கட தம்பி சொன்னது சரிதான். பழைய சேர்வரை நம்பி இருந்திருந்தா இண்டைக்கு நாம முடிஞ்சம்."

அவர் அதை மனமாரத்தான் சொன்னார்.

சித்திரையில் ஒரு நாள் பிரதி எடுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பாய்ந்து வந்தது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கருகின மணம் வந்தது. வேறொன்று வாங்கக் கல்முனை முழுக்கக் கேட்டார். சாமான் இறக்குமதி இல்லை, இருந்த ஒன்றிரண்டும் மூன்று மடங்கு விலை. நாடு கொஞ்சம் சீராகட்டும், பட்டியல் அங்கே பத்திரமாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

ஆடி மாதம், அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியில் உட்கார்ந்து பட்டியலைத் திறந்தார். பக்கம் வரவில்லை. சிக்னல் இல்லையாக்கும் என்று நினைத்துச் செய்திப் பக்கம் ஒன்றைத் திறந்தார். அது வந்தது. திரும்பவும் பட்டியலைத் திறந்தார். அப்படி ஒரு இடம் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது.

அஸ்கிக்கு எடுத்தார். மணி அடித்து அடித்து நின்றது. மூன்றாம் நாள்தான் அவன் எடுத்தான், வேறொரு இலக்கத்திலிருந்து.

"மச்சான், நான் உங்களுக்குச் சொல்லல்ல. எங்கட கம்பனி பூட்டிட்டான். வேல போய் நாலு மாசம். ஹுஸ்னியா ராத்தாக்கும் சொல்லல்ல, அவ யோசிப்பாவெண்டு. பத்துப் பேர் இரிக்கிற ஒரு ரூமில இரிக்கன்."

"அது போகட்டும் தம்பி, வேல பிறகு கிடைக்கும். இந்தப் பட்டியல் திறக்குதில்ல. என்னெண்டு பாரு."

அவன் எழுந்து அறைக்கு வெளியே போகும் சத்தம் கேட்டது.

"அஸ்கி?"

"கார்ட்... கார்ட் பேங்க்கில நிப்பாட்டிட்டாங்க, மச்சான். கிளவுட்காரன் மெயில் போட்டிரிப்பான். அது கம்பனி மெயில். அது கம்பனியோட போயிட்டு. எனக்கு ஞாபகமே வரல்ல. அல்லாஹ்வே, எனக்கு ஞாபகமே வரல்ல."

இரண்டு பேரும் சேர்ந்து கம்பனிக்கு எழுதினார்கள். முதலில் வந்த பதில்கள் இயந்திரம் எழுதியவை. ஜவுபர் விடவில்லை. தன் மகளின் பெயரை எழுதினார், நோயை எழுதினார், பதினொரு பேரைப் பற்றி எழுதினார். பன்னிரண்டாம் நாள் ஒரு மனிதர் பதில் போட்டார். மிகவும் மரியாதையான கடிதம். கட்டணம் தவறியதை நான்கு தடவை அறிவித்தோம், குறித்த காலம் முடிந்ததும் கணக்கு மூடப்பட்டது, அதிலிருந்தவையும் அவற்றின் பிரதிகளும் அழிக்கப்பட்டுவிட்டன, திரும்ப எடுக்க எங்களாலும் முடியாது, உங்கள் மகளுக்காக வருந்துகிறோம் என்று இருந்தது. ஜவுபர் அதில் பிழை பிடிக்கத் தேடிப் பார்த்தார். ஒரு பிழையும் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியபடியே எல்லாம் நடந்திருந்தது. அந்த ஒப்பந்தத்தில் தன் பெயரே இல்லை என்பதும் அப்போதுதான் அவர் மனதில் ஏறியது. அஸ்கி வாடகைக்காரன். தான் வாடகைக்காரனுக்கு வாடகைக்காரன்.

மேசைச் சீலையை எடுத்துப் பழைய சேர்வரைத் திறந்தார். மூன்றரை வருடம் யாரும் தொடாத பலகைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது. ஆணிகள் சுற்றச் சுற்ற உதிர்ந்தன. ஹுஸ்னியா பல் பிரஷையும் ஸ்பிரிட்டையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. ஹார்ட் டிஸ்க்குகளைக் கழற்றி, கருகின சின்ன டிஸ்க்கையும் சேர்த்துத் துவாயில் சுற்றி, கொழும்புக்கு அனுப்பினார். அழிந்ததை மீட்கும் ஒரு கடை. ஹுஸ்னியாவின் இரண்டு காப்பு அதற்குப் போயிற்று.

கருகினதில் ஒன்றும் தேறவில்லை; சேர்வரில் இருந்தது ஆறு வாரத்தில் வந்தது, வந்த அளவுக்கு. ஆயிரத்து முந்நூறு பெயர்கள் இருந்தன. பெயருக்குப் பக்கத்தில் ஊரும் குறூப்பும் இருந்தன. தொலைபேசி இலக்கங்கள் இருந்த இடம் துரு தின்ற இடம். யார் யாருடைய இரத்தம் ஸம்றாவுக்குப் பொருந்தியது என்ற பகுதி ஒரு எழுத்தும் வரவில்லை.

யசோதினியிடம் போனார். அவளுடைய பதிவேடுகளில் பை இலக்கம் இருந்தது. அந்தப் பையைத் தந்தவர் யார் என்பது வேறு புத்தகத்தில் இருந்தது. பழைய புத்தகங்களை மேலிடத்து ஆட்கள் வந்து ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவள் தன்னுடைய ஓய்வு நேரத்தில் இருந்த புத்தகங்களைப் புரட்டி இரண்டு பெயரைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். ஜவுபரின் நினைவில் நான்கு முகங்கள் இருந்தன. ஆறு பேர்.

பெட்ரோலுக்கு வரிசையில் நிற்க நேரமில்லை என்று சைக்கிளை எடுத்தார். சொறிக்கல்முனைக்குப் போனார். கோயிலடியில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது, வயற்காரர் வேலியோரம் நின்று கதைத்தார். சலரோகம் வந்து இன்சுலின் ஊசி போடுகிறாராம், இனி இரத்தம் எடுக்கமாட்டார்களாம். இரண்டு கைகளையும் பிசைந்துகொண்டு, "என்ட மகன்ட எடுங்க" என்றார். மகனுடையது பொருந்தவில்லை. சாகாமத்து ஆசிரியர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய் இரண்டு வருடம். குளக்கட்டு வழியாகத் திரும்பும்போது சைக்கிள் டியூப் வெடித்து, நான்கு கட்டை தூரம் உருட்டிக்கொண்டே வந்தார். மற்ற ஒருவன் ருமேனியாவில். இன்னொருவன் டுபாய் போக மெடிக்கல் முடித்து, அடுத்த வாரம் பயணம். "போறத்துக்கு முதல் ஒரு தரம் தந்திட்டுப் போறன், காக்கா" என்று வந்து தந்துவிட்டுத்தான் போனான். ஐந்தாவது ஆளின் வீட்டில் அவருடைய மனைவி கதவுக்குப் பின்னால் நின்று, அவர் போன வருடம் மௌத்தாகிவிட்டார் என்றாள்.

மிஞ்சியது றாஸிக். அவர் நான்கு மாதத்துக்கு ஒருமுறை வந்தார். சொல்லாமலே வந்தார். மூன்று மாதத்தில் வந்து, "ஆருக்கும் தெரியாது, எடுங்க மிஸ்" என்று யசோதினியிடம் சண்டை பிடித்த நாளும் உண்டு.

பெயர் மட்டும் இருந்த ஆயிரத்து முந்நூறு பேரையும் ஜவுபர் தேடத் தொடங்கினார். ஒரு பெயரும் சாய்ந்தமருது என்ற ஊரும் மட்டும் இருந்தால், ஊரில் அந்தப் பெயரில் நாற்பது பேர் இருந்தார்கள். வீடு வீடாகப் போய், நீங்கள் எப்போதாவது இரத்தம் கொடுத்தீர்களா என்று கேட்பார். ஊரில் பாதி இளைஞர் பாஸ்போட் கந்தோர் வாசலில் நின்ற காலம் அது. கதவைத் திறந்தவர்கள் பெரும்பாலும் தாய்மார்களும் மனைவிமார்களும். அவன் வெளியில, அவர் வெளியில. ஜவுபர் பெயருக்கு எதிரே ஒரு கோடு கீறிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். பட்டியல் அழியாமல் முழுசாக இருந்திருந்தாலும் அதிலிருந்த ஆட்கள் இங்கே இல்லை என்பது அவருக்கு மெல்ல மெல்ல விளங்கியது. விளங்கியதை ஹுஸ்னியாவிடம் சொல்லவில்லை.

கொழும்பிலிருந்து பை வந்தது. ஒரு மாதம் நேரத்துக்கு வந்தது. இன்னொரு தடவை நான்கு வாரம் தாண்டி ஏழாம் வாரத்தில் வந்தது. ஏற்றுகிற இரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பைக் கரைக்கிற குளிசை அந்த வருடம் எங்கும் கிடைக்கவில்லை. கிடைத்தபோது பாதியளவு கிடைத்தது. ஸம்றா படி ஏறினால் மூச்சு வாங்கினாள். பிறகு நடந்தால் மூச்சு வாங்கினாள். உயர்தரம் படிக்கப் போனவள் இரண்டாம் தவணையோடு நின்றாள்.

ஒரு காலை வார்டில், கையில் ஊசியோடு படுத்துக்கொண்டு கேட்டாள்:

"வாப்பா, அஸ்கி மாமாவோட நீங்க கதைக்கிறல்லையாமே?"

"ஆரு சொன்ன?"

"உம்மா. மாமா எனக்கு வொய்ஸ் போட்டு அழுறாரு. அவருக்கும் பாவந்தானே."

"கதைக்கன்."

"சும்மா சொல்லாதீங்க. இஞ்ச வெச்சுக் கதைங்க." தொலைபேசியை நீட்டினாள்.

ஜவுபர் அதை வாங்கினார். மறுபக்கத்தில் அஸ்கி ஸலாம் சொன்னான். இவர் பதில் ஸலாம் சொன்னார். சாப்பிட்டாயா என்று கேட்டார். வேலை கிடைத்ததா என்று கேட்டார். ஒரு கடையில் சாமான் அடுக்குகிறேன் என்றான். நல்லம் என்றார். தொலைபேசியை ஸம்றாவிடம் திருப்பிக் கொடுத்தார். ஸம்றா தந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது கதைத்த கணக்கில் வருமா என்று யோசிப்பதுபோல் இருந்தது அவள் பார்வை.

இரண்டாயிரத்து இருபத்து நான்கு தை மாதம், வயல்களிலெல்லாம் வெள்ளம் நின்ற கிழமை, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, விடியும் நேரம், ஸம்றா மௌத்தானாள். பதினேழரை வயது. இதயம் நின்றது என்று எழுதினார்கள். கொழும்பிலிருந்து இரண்டு பை புறப்பட்டிருந்தது. தண்ணீர் பாதையை மேவி ஓடியதால் வாகனம் இடையில் நின்றது. அன்று மத்தியான லுஹர் தொழுகைக்கு முன்னால் அடக்கினார்கள். றாஸிக் ஒலுவிலிலிருந்து நெஞ்சளவு தண்ணீரைக் கடந்து வந்து ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தார்.

நாற்பது நாள் கழித்து ஜவுபர் இரத்த வங்கிக்குப் போனார். யசோதினி ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

"மிஸ், ஒண்டக் கேப்பன். உள்ளதச் சொல்லணும். பட்டியல் இருந்திருந்தா புள்ள இருந்திருக்குமா?"

அவள் மேசையிலிருந்த பதிவேட்டை மூடினாள். "கொஞ்சக் காலம் இருந்திருக்கலாம். குளிசையும் கிடைச்சிருந்தா, பாதையும் இருந்திருந்தா... எனக்குத் தெரியா, காக்கா. அதுல இருந்த ஆக்களும் இஞ்ச இல்லையே."

"அப்ப ஆர்ர பிழை?"

"அதையும் நான் எப்பிடிச் சொல்ற?"

அவர் தலையாட்டிவிட்டு எழுந்து வந்தார். அஸ்கியின் பிழை என்று அவள் சொல்லியிருந்தால் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்திருக்கும். உன்னுடைய பிழை என்றிருந்தாலும் சரிதான். வீட்டு மூலையில் வைத்திருந்தால் உப்பு தின்றிருக்கும். அங்கே அனுப்பியது டொலர் வாடகை நின்றதோடு போயிற்று. எந்த வழியில் திரும்பிப் போய் எந்த இடத்தில் வேறு விதமாகச் செய்வது என்று யோசித்தால் அவருக்கு ஒரு இடமும் தட்டுப்படவில்லை.

ஹுஸ்னியா சேர்வரைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டாள். அவரிடம் கேட்கவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை. சீமெந்துக் கல்லை எடுத்துப் பின்வாசலில் போட்டார்கள்.

கடையில் இப்போது அவர் கைத்தொலைபேசிகள்தான் திருத்துகிறார். கண்ணாடி மாற்றுவது, பற்றரி போடுவது. போன ஐப்பசியில் மாளிகைக்காட்டிலிருந்து பஸ்மிலா என்று ஒரு பெண் மாடிப்படி ஏறி வந்தாள். இடுப்பில் ஆறு வயதுப் பையன். அந்த வயதுக்கு இடுப்பில் இருக்கக்கூடாத பிள்ளை. அவனுடைய மஞ்சள் பாரித்த கண்ணைப் பார்த்ததுமே ஜவுபருக்கு விளங்கிவிட்டது.

"காக்கா, ஆஸ்பத்திரியில உங்களப் பாக்கச் சொன்னாங்க. ரத்தம் குடுக்கிற ஆக்கள்ட பட்டியலொண்டு உங்கட்ட இரிக்கிதாமே."

"இருந்திச்சி, தங்கச்சி. இப்ப இல்ல."

"திரும்பச் செய்யேலாதா? நானும் வந்து உதவி செய்வன். எழுத வாசிக்கத் தெரியும் எனக்கு."

"ஓம், செய்யலாம்," என்றார் ஜவுபர். "எங்க வைக்கிறதெண்டுதான் எனக்குத் தெரியா."

அவளுக்கு அது விளங்கவில்லை. அவர் விளக்கவும் இல்லை. றாஸிக்கின் இலக்கத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். பொருந்துமா என்று தெரியாது, கேட்டுப் பாருங்கள் என்றார். பஸ்மிலா காகிதத்தை நான்காக மடித்துப் பணப்பையில் வைத்தாள். வெளியே மழை பிடித்திருந்ததால் வாங்கில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். பையன் அவள் தோளில் உறங்கிப்போனான். ஜவுபர் தலையைக் குனிந்து, உடைந்த ஒரு கண்ணாடியைத் தொலைபேசியிலிருந்து மெதுவாகக் கிளப்பிக்கொண்டிருந்தார். மழை விடவில்லை. அவள் முந்தானையைப் பிள்ளைக்கு மேலே இழுத்துப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.